பனிக்குள் போன கடாவும் மானும்

பழைய எண்களை நீக்கி, இரண்டு பட்டாளங்களை ஒன்றாக்கிப் புதுப்பெயர் வைத்தது அரசாங்கம். அணிவகுப்பில் ஒரு பட்டாளத்தின் முன்னால் அதன் அடையாளமாகக் கரியன் என்ற செம்மறிக்கடா நடக்கும். மற்றதன் முன்னால் செவந்தி என்ற மான். இனி ஒன்று போதும், இன்னொன்று சமையலுக்கு என்றார் தளபதி. எதை வைத்துக்கொள்வது என்று சிப்பாய்கள் அடித்துக்கொண்டார்கள்.

“வா, போய்விடலாம்,” என்றது மான். இரண்டும் மூடுபனிக்குள் நடந்து, ஈரப் புல்லில் படுத்தன. மலை, கூடாரம், கொடி எல்லாம் வெண்மையில் கரைந்துபோயின.

வெகுநேரம் கழித்துத் தேடும் குரல்கள் மிதந்து வந்தன.

“உன்னைச் செவந்தி என்று கூப்பிடுகிறானே, அவன்தான் எனக்குத் தினமும் கொள்ளு வைப்பவன்,” என்றது கடா.

மான் காதைத் தூக்கியது. “உன்னைக் கரியா என்று கூப்பிடுவது என் பட்டாளத்து ஆட்கள்.”

இரண்டும் எழுந்து குரல்களை நோக்கி நடந்தன. அன்றைய அணிவகுப்பில் இரண்டும் முன்னால் போயின. தளபதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.