நீல நூல்

“ரெண்டு பேரும் மூச்சு விடாம உட்காருங்க” என்றேன்.

கடைக்காரர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி உட்காரவில்லை, கதவோரமாக நின்றாள். மேசையில் கறுப்புத் துணி போட்டு மூடிய கூண்டு. அதற்குள் ஒரே ஒரு ஃபிஞ்ச் குருவி.

பெட்டை என்று சொல்லி நான் அவருக்கு விற்றது. சேவல் என்று திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். ஜோடி சேர்த்துவிட்ட சேவலோடு ஓயாத சண்டையாம். கடையில் நாள் முழுக்கப் பாடுகிறதாம்.

பக்கத்துக் கூண்டில் வேறு ஏதாவது பாடியிருக்கும். நூறு பறவை கத்துகிற கடையில் இவர் எதைக் கண்டார்?

என் பறவைகளை மொத்தமாக வாங்குகிறவர் அவர் ஒருத்தர்தான். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் என் பிழைப்பில் மண். அதைவிட, என் பெயர் போய்விடும். இந்தத் தொழிலில் எல்லாரும் என்னைக் கூப்பிடுவதே ‘காதுக்காரர்’ என்றுதான்.

இந்த வகை ஃபிஞ்சில் ஆணும் பெண்ணும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். அலகைப் பார், வாலைப் பார் என்பவர்கள் எல்லாம் சும்மா கதை விடுகிறார்கள். சேவல் பாடும், பெட்டை பாடாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் எதிரே ஆள் நின்றால் சேவலும் வாயை மூடிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து, துணியால் மூடி, பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பேன். பாடினால் கூண்டில் சிவப்பு நூல் கட்டுவேன். பாடாவிட்டால் நீலம்.

அந்த நேரத்தில் யாரையும் இந்த அறைக்குள் விடுவதில்லை, மனைவியைக்கூட.

இந்தத் தடவைதான் என்ன சாபமோ, பொரித்ததெல்லாம் பெட்டையாகப் போய்விட்டது. அடுத்த அறையில் வரிசையாக நீல நூல். தீவனத்தில்தான் கோளாறு என்று தீவனக்காரனோடு சண்டைகூடப் போட்டாயிற்று. இப்போது அதுகளின் கீச்சுச் சத்தம் இங்கே வந்து குழப்பக்கூடாது என்று நடுக்கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

மனைவி ஏதோ முணுமுணுத்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு இதே வழக்கம். வாய்க்குள்ளேயே பேசுவாள், ‘என்ன’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்று முறுக்கிக்கொள்வாள்.

உஷ் என்று அடக்கினேன்.

காத்திருந்தோம்.

விசிறி கடகடத்தது. தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. கூண்டுக்குள் மூச்சுப் பேச்சு இல்லை.

பாடித் தொலைக்காதே தாயே என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கூண்டைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆள் வெட்கப்படுகிறார்.

“இன்னும் என்னண்ணே வேணும் உங்களுக்கு?” என்றார். கட்டைக் குரல் அவருக்கு, வயிற்றிலிருந்து வரும்.

“இருங்க தம்பி. அவசரப்பட்டுட்டு அப்புறம் என்னையக் குறை சொல்லக் கூடாது. நல்லாக் கேட்டுக்கோங்க.”

தாராளமாக இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். ஜெயித்தவனுக்கு என்ன அவசரம்?

“போதுமா? இப்பச் சொல்லுங்க, இதுவா சேவல்?”

அவர் எழுந்து நின்று சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. என் மனைவியிடம் திரும்பி, “என்னக்கா, என்னைப் பார்த்தா கேனையன் மாதிரி தெரியுதா?” என்று கேட்டார்.

தோற்றவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளும் சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கண்கள் கலங்கியிருந்தன. கூண்டைப் பார்க்கவில்லை அவள், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராக வந்து துணியில் கை வைத்தாள்.

“ஏய், எடுக்காதே! ஆளைக் கண்டா மிரண்டுடும்” என்று கத்தினேன்.

எடுத்துவிட்டாள்.

தாய்ப்பறவை கைவிட்ட குஞ்சு அது. அவள்தான் விரல் நுனியில் தீவனம் வைத்து ஊட்டி வளர்த்தாள். அவளைக் கண்டு அதற்கு என்ன மிரட்சி?

தொண்டை இறகு சிலிர்த்து நின்றது. உடம்பை உப்பிக்கொண்டு, அவளைப் பார்த்து, குச்சியின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துள்ளியது. அலகு திறந்து மூடியது, திறந்து மூடியது. நிறுத்தவே இல்லை.

எனக்கு விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மெல்ல மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மனைவி என் தோளைத் தொட்டாள். அவள் உதடு அசைந்தது. பிறகு போய் நடுக்கதவைத் திறந்தாள்.

கடைக்காரர் திடுக்கிட்டு நீல நூல் கூண்டுகளின் பக்கம் திரும்பினார்.

“எல்லாம் பெட்டைதான்” என்றேன்.