ஒரு சமையல்காரி போதும்

“ஆறுன்னு பேரு வெச்சிக்கினு அதுல மாட்ட மேய வுடற ஊரு உங்க மதுரை. இதுல பெருமை வேற” என்றாள் அம்சவல்லி, வெங்காயத்தை நறுக்கியபடியே.

“மாடாச்சும் மேயுதுல்ல. ஒங்க மெட்ராசு கூவத்துல கொசுவத் தவிர வேற எது உசிரோட கெடக்கு?” என்றாள் காந்திமதி, அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

சாப்பாட்டு மேசைகளில் சிரிப்பு எழுந்தது. ஒரகடம் சாலையில் இருந்த அந்த ஸ்பிரிங் கம்பெனியின் கேன்டீனில் சோற்றுக்குக் கூடிய கூட்டத்தை விட இந்தப் பேச்சுக்குக் கூடிய கூட்டம்தான் அதிகம். மெட்ராஸ் பக்கத்து ஆட்கள் அம்சவல்லி கட்சி. தெற்கிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் காந்திமதி கட்சி.

கத்தரிக்காய்ப் பொரியலைக் காந்திமதி ‘வெஞ்சனம்’ என்பாள். “பொரியல்னு சொன்னா வாய் சுட்டுடுமா?” என்று அம்சவல்லி கேட்பாள். “ஒங்கூருல விருந்தாளி வந்தா, எப்பக் கெளம்புறீங்கன்னு கேட்டுட்டுத்தானே உள்ள வாங்கம்பீக. நீ எனக்குப் பேச்சுச் சொல்லித் தாரியா?” என்று உடனே பதில் வரும். இருவரும் படப்பையிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். வழியெல்லாம் இதே பாட்டுதான் என்று கண்டக்டரே சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

கேன்டீனைக் கவனித்துக்கொண்ட சூப்பர்வைசர் ஜெபகுமாருக்கு மட்டும் சிரிப்பு வராது. அவன் பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரன். அவனைக் கேட்டால் இரண்டுமே ஊரில் சேர்த்தி இல்லை. ஒன்றில் வழி கேட்டால் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். மற்றதில் வழி கேட்டால் தாத்தா காலத்துச் சண்டையிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

“மதுரைய இவ்ளோ திட்றீங்களே, அங்க எப்பனா போயிருக்கீங்களா?” என்று அவன் ஒரு முறை அம்சவல்லியைக் கேட்டான்.

“நான் வேற போவணுமா? எங்க வூட்டுக்காரரு போவாத மாசமில்ல. வந்து உக்காந்துக்கினு அந்த ஊரப் பத்தி அவரு பொலம்புனது கொஞ்சமா? இங்க வந்தாத்தான் எனுக்கு மூச்சே வருது அம்சான்னுவாரு. போய்ச் சேந்துட்டாரு மகராசன்.”

“நீங்க?” என்று காந்திமதி பக்கம் திரும்பினான்.

“தாம்பரத்துக்கு அங்கிட்டு நான் காலெடுத்து வச்சதில்ல. காதால கேட்டதே போதும்” என்று அவள் ரசத்தை இறக்கினாள்.

அது 1991. ஆர்டர்கள் வரவரக் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் மேனேஜர் இராமச்சந்திரன் ஜெபகுமாரைக் கூப்பிட்டார்.

“கேன்டீனுக்கு ஒரு சமையல்காரி போதும்னு மேலேர்ந்து உத்தரவு. இன்னொரு அம்மாவ நிறுத்திடு. யாருன்னு நீயே முடிவு பண்ணிக்க. எப்படியும் ஒருத்திக்கு ஒருத்தி ஆகாது. மிஞ்சறவங்க உனக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவாங்க.”

ஜெபகுமார் அதிகம் யோசிக்கவில்லை. கம்பெனியில் மெட்ராஸ் கட்சிக்குத்தான் ஆள் அதிகம். சாப்பாடு முடிந்து, காந்திமதி பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் கழுவப் போன சமயமாகப் பார்த்து உள்ளே வந்தான்.

“அம்சவல்லிம்மா, உங்களுக்கு நல்ல சேதி. நாளையிலேர்ந்து மதுரைக்காரம்மா வர மாட்டாங்க. கிச்சன் பூரா உங்க ராஜ்ஜியந்தான்.”

அம்சவல்லியின் கை நின்றது. “ஏன், அவளுக்கு இன்னா?”

“ஆள் கொறைக்கறாங்க. நான்தான் உங்க பேரச் சொல்லி உங்கள நிக்க வெச்சேன்” என்று நன்றியை எதிர்பார்த்து நின்றான்.

“என் பேரச் சொல்ல உன்ன யாரு கேட்டாங்க? அவ வெக்கற புளிக்கொழம்ப ரெண்டு தபா வாங்கித் துன்னுட்டு, அவள வெளிய போவச் சொல்றியா நீ?”

“நீங்கதானேம்மா தெனம் அவங்கள…”

“ஊரத்தான் சொன்னேன். அவள ஒரு வார்த்த சொல்லி நீ கேட்டுக்கீறியா? இங்கேர்ந்து அவ எங்க போவா? அவளுக்கு யாரு கீறா?” அம்சவல்லி இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறினாள். “அவ வராத எடத்துக்கு நானும் வர்ல. உங்க மேனேஜரையே வந்து சாதம் வடிக்கச் சொல்லு.”

குழாயடி வாசலில் ஈரக் கையோடு காந்திமதி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஜெபகுமார் அவளிடம் போனான்.

“நீங்களாவது சொல்லுங்கம்மா. ஒருத்தருக்காவது வேலை மிஞ்சட்டும்.”

“அப்ப அவள நிப்பாட்டிட்டு என்னைய வச்சுக்கிருவீகளா, தம்பி?”

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. “அதுவும் செய்யலாம்மா.”

“செய்ங்க. நானும் வரமாட்டேன்.”

ஜெபகுமாருக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. “நாள் பூரா அடிச்சிக்கறீங்க. இப்ப வேலை போற நேரத்துல ஒண்ணா நிக்கறீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இன்னாதான் வேணும்?”

அம்சவல்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காந்திமதிதான் கையைத் துடைத்துக்கொண்டு, அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“எங்கிட்ட வந்தா மெட்ராசு ஆகாதும்பாரு, இவகிட்ட வந்தா மதுரை ஆகாதும்பாரு, எங்க வீட்டுக்காரரு. அப்பேர்ப்பட்ட மனுசனே ஒத்த லாரிய ஓட்டிக்கிட்டு, சாகுற வரைக்கும் எங்க ரெண்டு பேரையும் வச்சுச் சோறு போட்டாரு. இம்புட்டுப் பெரிய கம்பெனிக்கு முடியலையாக்கும்?”