ஆறாவது நிமிடம்

இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள். நடுவே பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் முப்பது மீட்டர் தாழ்வாரம். அதில் டிரைவர் பக்கிரி போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

தமிழினி ஸ்டாப்வாட்சுடன் சுவரோரம் நின்றாள்.

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதுதான் சோதனை. முந்நூற்று அறுபது மீட்டர் வந்தால் பஸ் ஓட்டலாம். வராவிட்டால் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது. டிப்போவிலிருந்து வந்த கடிதம் அப்படித்தான் சொன்னது.

மூச்சு வாங்குகிறது என்று சொல்லி வந்திருந்தார். விரலில் மாட்டியிருந்த கருவி ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. மூச்சில் ஒரு குறையும் இல்லை.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. நாலு வருடமாக அவர் பார்த்தது ஒரு முகத்தை அல்ல. கிள்ளை ரோட்டில் ஒரு நிறுத்தம், அதில் கை நீட்டி நிற்கும் ஏழெட்டுப் பெண்கள், அவ்வளவுதான். எல்லாம் இலவச டிக்கெட்.

காலை ஏழு நாற்பது வண்டி அவருடையது. நிறுத்த மாட்டார். வேகத்தைக்கூடக் குறைக்க மாட்டார். வலது கையை ஜன்னலுக்கு வெளியே எடுத்து, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் இரண்டு முறை அசைப்பார். பின்னால் காலி வண்டி வருகிறது என்று அர்த்தம்.

பின்னால் எதுவும் வராது. அடுத்த வண்டி ஒன்பதே காலுக்கு.

அதனால் நடந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஆறு கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் ஐந்து நாளும். இட்லி டப்பாவிலேயே இருக்கும். நின்று சாப்பிட்டால் முதல் வகுப்பு போய்விடும்.

முதல் வருடம் மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. வளாகத்துக்கு எப்படி வருகிறீர்கள் என்ற கேள்விக்கு 'நடந்து' என்று எழுதினாள். அதன் முடிவு இந்தத் தாழ்வாரத்துச் சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது: நடந்து வரும் மாணவர்களின் உடல்நலம் சிறப்பாக உள்ளது.

அந்த வருடம் அவளுடைய ஹீமோகுளோபின் ஏழரை. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

அதையாவது மறந்திருப்பாள். மூன்றாம் வருடச் செய்முறைத் தேர்வன்று மழை. ஹால்டிக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல் அசைந்தது. நனைந்துபோய் அவள் வந்து சேர்ந்தபோது தேர்வறைக் கதவு சாத்தியிருந்தது.

ஒரு வருடம் போனது. உடன் படித்த வினோதினி புதுச்சேரியில் வேலைக்குப் போய்விட்டாள். தமிழினி இப்போதுதான் பயிற்சிக்கு வந்திருக்கிறாள்.

பக்கிரி பதினோராவது நடையை முடித்தார். முந்நூற்று முப்பது மீட்டர். ஸ்டாப்வாட்சில் சரியாக ஐந்து நிமிடம்.

பொத்தானை அழுத்தினாள்.

"போதும், நில்லுங்க."

"அதுக்குள்ளயா? ஆறு நிமிசம்னாங்க."

"முடிஞ்சிடுச்சு. முந்நூத்தி முப்பதுதான் வந்திருக்கீங்க. இனிமே வண்டி ஓட்ட முடியாது."

படிவத்தில் எண்ணை எழுதினாள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். யாரும் மறுபடி நடக்கவைத்துப் பார்க்கப் போவதில்லை.

அந்த முகம் விழுவதைப் பல காலைகளில் நடந்துகொண்டே அவள் கற்பனை செய்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள்.

முகம் விழவில்லை. மலர்ந்திருந்தது.

"நல்லா இருக்கணும் டாக்டரம்மா. லைட் டூட்டி குடுங்கன்னு ரெண்டு வருசமா நடையா நடக்கறேன். போன தடவ ஒரு படுபாவி என்னை பாஸ் பண்ணி வுட்டுட்டான். இனிமே டிப்போ கேட்டாண்ட சேர் போட்டு உக்காந்துக்குனு வண்டி நம்பர் எழுதுனா போதும். அந்த ரூட்டு இருக்குதே, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு பொம்பளைங்க கைய நீட்டிக்குனு நிக்குதுங்க. ஓசி கூட்டம் ஜாஸ்தி."

சிரித்தார். அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்.

இன்று காலை ஏழு நாற்பதுக்கு வேறு டிரைவர் வந்தார். நிறுத்தினார். எட்டு மணிக்கே வளாகத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். இந்த ஆள் டிப்போ கேட்டுக்குப் போய்விட்டால் நாளையும் அந்த டிரைவர்தான் வருவார். நாளையும் நிறுத்துவார்.

அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

பக்கிரி விரலில் இருந்த கருவியைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க. நான் டைம் தப்பா பாத்துட்டேன். இன்னும் ஒரு நிமிசம் இருக்குது."

"அதான் எழுதிட்டீங்களே மேடம். வுடுங்க."

எழுதியதைக் குறுக்காக அடித்தாள். இன்னும் தேவை ஒரே ஒரு நடை. சாதாரணமாக நடந்தாலே அரை நிமிடத்தில் வந்துவிடும். வேண்டுமென்றே நின்றால் அதைக் குறிக்கவும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டினாள்.

பக்கிரி கருவியை மறுபடி விரலில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"எதுவரைக்கும் நடக்கணும்?"

அவர் எதிரே வந்து நின்றாள். வலது கையைத் தூக்கி, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் இரண்டு முறை அசைத்தாள். அங்கே, தாழ்வாரத்தின் மறு முனையில், மற்றொரு கூம்பு இருந்தது.

பக்கிரி அந்த விரலைப் பார்த்தார். பிறகு, முதல் முறையாக, முகத்தைப் பார்த்தார்.

"நீ எந்த ஸ்டாப்பும்மா?"

"நாளைக்கு நிறுத்திப் பாருங்க, தெரியும்" என்றாள். பொத்தானை அழுத்தினாள்.