உசுருக்கு உசுரான பலா

கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கொல்லையில் நின்ற பலாமரத்தை வெட்டிவிட்டார்கள். அதன் பொந்தில் பிறந்து வளர்ந்த அணில், வாசல் வேம்புக்குக் குடிபோய் அங்கே மூன்று குட்டிகளும் போட்டது.

ஒருநாள் ஜன்னல் வழியே பழகிய வாசம் வந்தது. எட்டிப் பார்த்தால், உள்ளே பளபளவென்று ஒரு நாற்காலி.

"நீயா?" என்றது அணில்.

"நானேதான். ஆசாரி எப்படி இழைத்திருக்கிறார், பார்த்தாயா?" என்றது நாற்காலி.

"நான் பிறந்த பொந்து எங்கே?"

"முதுகுப் பலகையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் தூளையே பசையில் குழைத்து அடைத்துவிட்டார். தடவினால்கூடத் தெரியாது."

அணில் ஏறித் தடவிப் பார்த்தது. தெரியத்தான் இல்லை.

அதற்குள் வீட்டுக்காரி மரகதவல்லி ஒரு விருந்தாளியோடு வந்துவிட்டாள். "ஐயையோ, பாலிஷைக் கீறிடும்!" என்று விசிறியை ஓங்கினாள். அணில் ஜன்னல் கம்பிக்குத் தாவியது.

அவள் நாற்காலியை வருடிக்கொடுத்தாள். "இந்த மரம்னா எங்களுக்கு உசுருங்க. பிரிய மனசே வரலை. அதான் நாற்காலியாப் பண்ணி வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டோம்."

விருந்தாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "வாசல்ல நிக்கிற வேம்பு?"

"அதுவுந்தான் எங்களுக்கு உசுரு!"

அணில் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, ஊரே கரித்துக் கொட்டும் சீமைக் கருவேல மரத்துக்குக் குடிபோய்விட்டது.