தோக்சுவின் இடது கன்னம்

அரை மணி நேரம் முன்னாலேயே தேநீர்க்கடைக்கு வந்து, சுவரை ஒட்டிய மேசையைப் பிடித்துவிட்டார் தோக்சு. இடது கன்னம் சுவர்ப் பக்கம் மறைகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

காங்னுங்கிலிருந்து சியோலுக்கு முட்டைக்கோஸ் லாரி ஓட்டியே அறுபதை நெருங்கியவர். கொரியாவில் ஓட்டுநர் ஜன்னல் இடது பக்கம். வெயில் அந்தப் பக்கமாகத்தான் வந்து போயிற்று.

முப்பது வயதில் இடது கன்னம் வெறும் கருப்பு. களையாக இருக்கிறது என்றுகூட மனைவி சொன்னதுண்டு.

நாற்பதில் கண்ணோரம் கோடுகள். சிரித்துச் சிரித்து வந்தது என்று இவரே முடிவு செய்துகொண்டார்.

ஐம்பதைத் தாண்டியதும் புள்ளியும் சுருக்கமும் தொங்கலுமாக இடது பாதி தனியாகக் கிழடு தட்டிவிட்டது. வலது பாதிக்கு அந்தச் சேதியே தெரியாது. அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்துச் சவரம் செய்கிற மாதிரி இருக்கிறது என்று முடிதிருத்துபவர் அலுத்துக்கொண்டார்.

மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இந்தச் சந்திப்பு மகள் யெரினின் ஏற்பாடு.

“வலது பக்கத்தைக் காட்டியே பேசுங்கப்பா. அந்தப் பக்கத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் காட்டிக்கலாம்” என்று போனில் சொல்லியிருந்தாள்.

ஓக்புன் வந்தார். அவரும் கணவரை இழந்தவர். மேசை இருந்த இடத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது. எதிர் நாற்காலியில் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்தார்.

ஓக்புனுக்கு உரித்த முட்டை மாதிரிக் கன்னம். தோக்சு முகத்தை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இலந்தைத் தேநீரைக் குடித்தார்.

வெளியே நடந்தபோது ஓக்புனைத் தன் வலது பக்கம் வரவைப்பது எப்படி என்று தோக்சு யோசிப்பதற்குள், அவரே அந்தப் பக்கம் வந்து நடந்தார். இப்படி எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறவரை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது.

லாரி அருகே வந்ததும் பொறுக்க முடியவில்லை. இடது கன்னத்தை வெயிலில் திருப்பிக் காட்டினார்.

“இதையும் பாத்துடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

ஓக்புன் சிரிக்கவில்லை. நிதானமாகப் பார்த்தார். பிறகு கழுத்துத் துணியை விலக்கி, தன் வலது கன்னத்தைத் திருப்பினார்.

அதே புள்ளிகள். அதே கோடுகள்.

கணவர் மீன் வண்டி ஓட்டியவராம். கல்யாணமான மறுநாளிலிருந்து அவர் கண் மூடும்வரை பக்கத்து இருக்கையில் இவர்தானாம். வலது பக்கத்தை மறைத்துக்கொள்ளும்படி தங்கை படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாளாம்.

தோக்சுவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே சுற்றி வந்து, வலது பக்கக் கதவை மரியாதையாகத் திறந்துவிட்டார்.

ஓக்புன் ஏறவில்லை. கையை நீட்டினார்.

“சாவியக் குடுங்க, எனக்கும் லைசென்ஸ் இருக்கு. இனிமே நான் ஓட்டறேன், நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. எண்பது வயசாகறப்போ ரெண்டு பேருக்கும் ரெண்டு கன்னமும் ஒண்ணாயிடும்.”

சாவியைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்த தோக்சு, முதல் காரியமாக ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.