சப்பான் படத்துக்குக் கதை சொன்னவர்

சாயல்குடி டூரிங் கொட்டகையில் விசில் பறந்தது. திரையில் ஒரு ஜப்பான்காரக் கிழவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

மதுரையிலிருந்து படப்பெட்டி மாறி வந்துவிட்டது. தமிழ்ப் படம் பார்க்க வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், கொட்டகைக்காரர் சதக் வந்ததையே ஓட்டிவிட்டார். இப்போது மூங்கில் தட்டியைப் பிய்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

சதக் ஓடிவந்து, மனைவியோடு உட்கார்ந்திருந்த கூத்தையாவின் கையைப் பிடித்தார். உலகச் சண்டையின்போது மலாயாத் தோட்டத்திலிருந்து, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோன கூலிகளில் கூத்தையாவும் அவர் மகனும் இருந்தார்கள்.

"அண்ணே, கதையக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. ஒங்க மகன் இருந்தா அவனக் கேட்டிருப்பேன். அவந்தான் சீனாக்காரியக் கட்டிக்கிட்டு மலாயாவுலயே தங்கிட்டான்னு சொன்னீங்களே."

"வேணாம் தம்பி. வா, போ, தூக்குன்னு அவனுக ஏவுனது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

சதக் விடவில்லை. அவரை இழுத்துப்போய்த் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பெட்டியோடு வந்த நோட்டீஸைப் பார்த்து, இந்தப் படத்தை எடுத்தவரே கிழவராகவும் நடித்திருக்கிறார் என்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

கூத்தையா தலை குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். கிழவர் ஒரு வாலிபனின் தலையை மடியில் தாங்கியிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கூத்தையாவின் வாய் தானாகத் திறந்தது.

"அது அவன் பெத்த மகன். பயலுக்குப் பேதி. அப்பன் கால்ல விழுந்து மருந்து கேக்குறான், எவனும் குடுக்கல. விடாத மழை வேற."

"மழையா? வெள்ளையால்ல கொட்டுது" என்றான் ஒருவன். பக்கத்திலிருந்தவர்கள் அவனை அடக்கினார்கள்.

"பய தண்ணி தண்ணிங்கிறான். குடுத்தா நிக்கல. குடுக்காமயும் இருக்க முடியல. அதுக்குள்ள வேலைக்குக் கூப்புடுறானுக. போகாட்டி அடிப்பானுக. மகன அப்படியே போட்டுட்டுப் போறான். பொழுது சாய வந்து பாத்தா..."

கூத்தையா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"என்னா நடிப்பு. பெத்தவனாவே மாறிட்டான்யா" என்று பேசிக்கொண்டே, படம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது.

"நாளைக்கும் இதே படந்தாண்ணே. நீங்கதான் வரணும்" என்றார் சதக்.

உப்பளத்து ஓரமாகக் கூத்தையாவும் மனைவி சேதுலட்சுமியும் வீட்டுக்கு நடந்தார்கள். ஊர் எல்லை வந்ததும் சேதுலட்சுமி நின்று, அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"நம்ம பயல எங்கன பொதச்சீக?"