தராசில் நான்கு வளையல்கள்

மத்தியான வெயில் கண்ணாடிக் கதவு வழியாக நகைக்கடை மேஜை வரை நீண்டு கிடக்கிறது. கடைக்காரரின் மனைவி, இருபது வருஷத்துக்கு முன் கல்யாணத்தில் அவர் போட்டுவிட்ட நான்கு வளையல்களையும் கழற்றி மேஜைமேல் வைக்கிறாள். காலடியில் ஒரு துணிப்பை. "நான் ஆஸ்பத்திரியில கிடந்த அன்னிக்குக்கூட நீங்க கடையை மூடல. இதையே கட்டிக்கிட்டு அழுங்க, நான் போறேன்." போகாதே என்று சொல்லத்தான் அவர் வாயெடுக்கிறார். அதற்குள் பாழாய்ப்போன கை வளையல்களை வாரித் தராசில் போட்டுவிடுகிறது. மூச்சுக்காற்று பட்டாலே எண் ஆடும் என்று, எடை பார்க்கும்போது மூச்சை அடக்குவது அவர் வழக்கம். இப்போதும் அடக்கிக்கொள்கிறார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. சிவப்பு எண்கள் நடுங்கி நிலைக்கின்றன. "ரெண்டு கிராம் குறையுது" என்கிறார். சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போடுகிறது. அவள் கோபப்படக்கூட இல்லை. "குறையாம என்ன செய்யும்? ஒருநாள்கூட நான் கழட்டி வச்சதில்லையே" என்று பையை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். கதவு திறந்து மூடிய காற்றில் எண்கள் மறுபடி பதறுகின்றன. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவள் போய்க்கொண்டிருக்கிறாள். அவர் எண்களையே பார்த்தபடி, அவை அடங்கட்டும் என்று மூச்சை விடாமல் நிற்கிறார்.